உன் அடிக்குறிப்புக்கு ஒரு திருத்தம்

மகன்,

உன் கட்டுரையை வாசித்து முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. மேல்வீட்டு ரீச்சரின் மகள் அதை எங்கேயோ இணையத்தில் கண்டு, அச்செடுத்து, கிளிப் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். "அன்ரி, உங்கட மகன் பெரிய ஆளாகிட்டார். ஆனா எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல" என்றாள். முதல் நாலு பக்கம் எனக்கும் விளங்கவில்லை. பேப்பரிலும் ரேடியோவிலும் ஆங்கிலம் எப்படிப் புழங்குகிறது என்று ஆராயப் போன பிள்ளை, அதைப் பேப்பர் வாசிக்கிற ஒருத்திக்கு விளங்குகிற மாதிரி எழுதினால் என்னவாம்? அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, சொல் சொல்லாக வாசித்தேன். ஐந்தாம் பக்கத்தில் மரண அறிவித்தல்கள் தொடங்கின. அதற்குப் பிறகு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்த ஆங்கிலம் என்னுடையது. அதில் பாதியை எழுதியவளே நான்தானே.

நீ எல்லாவற்றையும் சரியாகப் பிடித்திருந்தாய். நம் ஆட்கள் ஆங்கிலப் பேப்பரில் அறிவித்தல் போடும்போது பிறந்த ஊர் காணாமல் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய். தமிழ் அறிவித்தல் 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கிவிட்டுத்தான் செத்தவரின் பெயருக்கே வரும், ஆங்கிலத்தில் அந்தத் தொடக்கம் இல்லை, உறவினர் பட்டியலும் மெலிந்துவிடுகிறது, சில வேளை அது வேண்டுமென்றே செய்யப்படுகிறது என்று எழுதியிருந்தாய். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. இந்த அறிவித்தல் என் தந்தையுடையது, இதில் மனைவி, மகன் என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே உண்டு, ஆனால் இதில் யாரும் மறைக்கப்படவில்லை, என் தந்தைக்கு வேறு உறவினர் இருக்கவில்லை என்று நீ எழுதியிருந்தாய்.

நீ என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். என் வாய் உனக்குத் தெரியும். நீ என்னைக் காப்பாற்றி எழுதியிருந்தாய். அதுதான் தாங்க முடியவில்லை. உனக்கு ஒரு பெரியப்பா இருந்தார், மகன். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். நீ அவரை ஒருமுறை பார்த்திருக்கிறாய். நான்தான் உன்னிடமிருந்து அவரை மறைத்தேன். இதை வாசித்த பிறகு நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் விடுவாய். அந்தப் பயத்தில்தான் இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைத் தனியாக உனக்கு எழுதாமல் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று கோபிக்காதே. அந்தப் பொய்யை நான் ஆள் முன்னால் சொன்னேன். திருத்துவதையும் ஆள் முன்னால்தான் செய்ய வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த அந்த விளம்பர முகவர் கடை உனக்கு மறந்திருக்காது. கொச்சிக்கடைப் பக்கம் போகிற பஸ்கள் நின்று ஏற்றுகிற இடத்துக்கு எதிரே, ஒரு மேசை, ஒரு ரெலிபோன், காற்றாடி ஒன்று. எந்தப் பேப்பருக்கும் எந்த ரேடியோவுக்கும் அங்கே விளம்பரம் கொடுக்கலாம். வீடு வாடகைக்கு, வாகனம் விற்பனைக்கு, மணமகள் தேவை எல்லாம் வரும். ஆனால் என் மேசைக்கு வந்தது பெரும்பாலும் சாவுதான். பிரேதத்தைப் பொறுப்பெடுத்த மலர்ச்சாலையின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் கழுவாமல், செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக நான் ஒரு தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் நல்ல அறிவித்தல்களை வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். கலியாண அட்டை பார்க்கிற மாதிரி புரட்டிப் பார்த்து, "இந்த மாதிரி எழுதுங்க மிஸ்" என்று விரல் வைப்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு நீ அங்கேதான் வருவாய். எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கொப்பியைச் சத்தமாக வாசிப்பாய். மற்றப் பிள்ளைகள் கதைப் புத்தகத்தில் ஆங்கிலம் படித்தார்கள், நீ செத்த ஆட்களில் படித்தாய். ஒருநாள் கடை நிறைய ஆள் நிற்கும்போது, "அம்மா, எல்லாரும் அன்பான ஆக்கள், எல்லாரும் நல்ல ஆக்கள் எண்டு போட்டிருக்கு. கெட்ட ஆக்கள் சாகிறேல்லையா?" என்று கேட்டாய். அழுதுகொண்டு நின்ற ஒரு துறைமுகத் தொழிலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். அன்றைக்கே நீ ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன். நீ லண்டனுக்குப் போய் அந்தக் கொப்பியை அனுப்பச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவின் துண்டும் அதில் ஒட்டியிருந்தது எனக்குத் தெரியும். ஒரு கணம் கிழிப்போமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

கடையில் எனக்கு ஒரு வசனம் இருந்தது. வருகிற எல்லாரிடமும் சொல்லுவேன். "ஒபிசுக்கு இங்கிலிஷ் பேப்பர். சொந்தத்துக்குத் தமிழ் ரேடியோ. ரெண்டும் குடுங்கோ." ஏனென்றால் மலைநாட்டிலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கிற சொந்தம் ஆங்கிலப் பேப்பரைக் கண்ணாலும் காணாது. அவர்களுக்குக் காலை ரேடியோவில் வருகிற மரண அறிவித்தல்தான் தந்தி. அதைக் கேட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ரேடியோ வேண்டாம் என்று சொன்ன சிலரோடு நான் சண்டையே பிடித்திருக்கிறேன். "உங்கட பெருமைக்குச் சனத்தைச் சாவீட்டுக்கு வராமப் பண்ணாதீங்கோ" என்று ஒரு பெரிய உத்தியோகத்தரின் முகத்துக்கு நேரே சொன்னேன். முதலாளி அன்றைக்கு என்னைப் பிடித்து ஏசினார். அப்படிப்பட்டவள் நான்.

இனி அப்பா. அவர் பிறந்தது அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் காம்பரா ஒன்றில். தாய் தகப்பன் சின்னதிலேயே போய்விட்டார்கள். பெரியப்பா கருப்பையா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலைக்கு வேலைக்குப் போய், தம்பியைப் படிக்க வைத்தார். அப்பா கொழும்புக்கு வந்து கிளார்க் ஆனார். நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கலியாணத்தின்போது அவர் தோட்டத்து ஆள் என்பது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வந்த பிறகுதான் எனக்குப் பித்தம் தலைக்கேறியது. தோட்டத்து ஆட்களை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற இடம் அது. படிக்கட்டில் காண்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி, "நீங்கள் எந்த ஊர்?" என்பதுதான். நான், "அவர் கண்டிப் பக்கம்" என்று சொல்லத் தொடங்கினேன். அப்பா கோபப்படவில்லை. "சரி சரி, கண்டின்னே வச்சுக்க. அட்டனும் அங்கிட்டுத்தானே இருக்கு" என்று சிரிப்பார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா புள்ளைகிட்டயாவது சொல்லு" என்பார். சொல்லுவோம், வளரட்டும் என்பேன். அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின கிழமை தனியாகப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவார். உனக்கு அது 'அப்பாவின் கண்டி வேலை'. அவர் கொண்டுவந்த தேயிலையைத்தான் நாம் வருடம் முழுக்கக் குடித்தோம்.

அவர் களுபோவில ஆஸ்பத்திரியில் கண்மூடியபோது உனக்கு ஒன்பது வயது. நெஞ்சு நோகிறது என்று காலையில் போனவர் பின்னேரம் இல்லை. கடையில் என்னோடு வேலை செய்த ரஞ்சினி, இரண்டு படிவத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே ஓடி வந்தாள். ஆங்கிலப் பேப்பருக்கு நான் என் கையாலேயே எழுதினேன். "அக்கா, ரேடியோவுக்கும் எழுதுவமா?" என்று மற்றப் படிவத்தை நீட்டினாள். முதல் வரியில் பிறப்பிடம் என்று போட்டு ஒரு கோடு. அந்தக் கோட்டில் தோட்டத்தின் பெயரை எழுத வேண்டும். அடுத்த நாள் காலையில் தொடர்மாடி முழுவதும் அது ஒலிக்கும், ஒவ்வொரு வீட்டிலும் ரேடியோ உண்டு. "வேண்டாம். சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லியாச்சு" என்றேன். அழுகையில் எல்லாம் மறந்துபோயிற்று என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு எதுவும் மறக்கவில்லை. படிவத்தை மடித்து ரஞ்சினியின் கையில் நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஆங்கிலத்தின் மேல் பிழை இல்லை, மகன். உன் கட்டுரையில் அதைக் கொஞ்சம் கூடத்தான் வைது எழுதியிருக்கிறாய். ஆங்கிலம் யாரையும் வீட்டுக்கு வெளியே தள்ளவில்லை. தள்ள நினைத்த நான் அதற்குப் பின்னால் ஒளிந்தேன். என்னைப் போல எத்தனை பேர் என் மேசையில் ஒளிந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களோடுதான் நான் சண்டை பிடித்தேன்.

அந்த வருடம் தீபாவளி வந்து போனது. தம்பி வரவில்லையே என்று பெரியப்பா தேடிக்கொண்டு வந்துவிட்டார். பகல் ஒரு மணி இருக்கும். கதவைத் திறந்தால் சட்டைப்பொத்தான் கழுத்து வரை பூட்டி, தோளில் ஒரு துணிப்பையோடு நிற்கிறார். என்னைத் தாண்டி அவர் கண் உள்ளே போயிற்று. மாலை போட்ட படத்தைக் கண்டுவிட்டார். சத்தம் போட்டு அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே கதிரையில் மேல்வீட்டு ரீச்சர் இருந்தார். "ஆர் பிள்ளை இது?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இவருக்குத் தெரிஞ்ச ஆள் ரீச்சர். கண்டிப் பக்கம்." பெரியப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு ரீச்சரைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆமாங்கம்மா, தெரிஞ்ச ஆளுதாங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் நீ சீருடையோடு வந்தாய். நான் பழக்கியிருந்தபடி, "குட் ஆஃப்டர்நூன், அங்கிள்" என்றாய். அவர் கிட்ட வந்தார். உன் தலையில் கை வைத்தார், வைத்த கையை எடுக்கவே இல்லை. பையிலிருந்த ஆனைக்கொய்யாப் பழங்களை ஒவ்வொன்றாக உன் கையில் தந்தார். நீ "தாங்க் யூ" என்றாய். உனக்கு அந்தப் பழங்கள் நினைவிருக்கலாம், சீனி போட்டு அடித்துக் குடித்தாய். ஒரு தேத்தண்ணிகூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் கொண்டுவந்த தேயிலைப் பார்சல் மேசையில் கிடந்தது.

படிக்கட்டு வரை கூடப் போனேன். அங்கேதான் அவர் வாயைத் திறந்தார். "தெனமும் காலையில ரேடியோ கேட்டேம்மா. தம்பி பேரு வரல. வரலைன்னதும் நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்." "இங்கிலிஷ் பேப்பரில போட்டனாங்கள், அத்தான்" என்றேன். "அப்படியாம்மா" என்றார். "நமக்கு அது கண்ணுல படாதே." ஒரு வார்த்தை ஏசவில்லை. கைபிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். ஏசியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். கூப்பிட்டிருக்கலாம், அவர் இன்னும் இரண்டு மாடி இறங்க வேண்டியிருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் ரேடியோவைப் போட்டேன். அன்றிலிருந்து ஒருநாளும் விட்டதில்லை. நீ சின்னதில் எத்தனை முறை எரிச்சல்பட்டிருக்கிறாய். "காலங்காத்தால செத்த ஆக்களின்ட லிஸ்ட் ஏனம்மா?" என்பாய். வேலைப் பழக்கம் என்பேன். அவருடைய பெயர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், மகன். வராவிட்டால், அப்பாடா, இருக்கிறார் என்று அடுப்பை மூட்டுவேன். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஒரு பஸ் ஏறியிருக்கலாம். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வசனம் எழுதிக் கொடுத்தவளுக்கு அவருக்கு எழுத ஒரு வரி வரவில்லை.

உன் அடிக்குறிப்பை வாசித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே முடிவெடுத்தேன். உனக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லுவேன், நீ லீவில் வரும்போது இரண்டு பேருமாக அட்டனுக்குப் போவோம், உன் முன்னால் அவர் காலில் விழுவேன் என்று. எப்படித் தொடங்குவது என்று திங்கள் யோசித்தேன், செவ்வாய் யோசித்தேன், புதனும் யோசித்தேன். வியாழக்கிழமை காலை ரேடியோவில் பெயர் வந்துவிட்டது.

தோட்டத்தின் பெயரைச் சொல்லி, பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட கருப்பையா என்று வாசித்தார்கள். மகள் செல்வியின் பாசமிகு தந்தையும் என்று வாசித்தார்கள். அதற்குப் பிறகு உன் அப்பாவின் பெயர். காலஞ்சென்ற இன்னாரின் அன்புச் சகோதரரும். அதற்குப் பிறகு என் பெயர். அதற்குப் பிறகு உன் பெயர், மகன். முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. உன் பெரிய தந்தையும் ஆவார் என்று. உன் பெயருக்குப் பக்கத்தில் கொழும்பு என்றார்கள். நீ நாட்டை விட்டுப் போனது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் வெட்டி எறிந்த பட்டியலை அவர்கள் ஒரு பெயர் குறையாமல் வைத்திருந்தார்கள். உடுத்த சீலையோடு புறக்கோட்டைக்குப் போய் அட்டன் பஸ் ஏறினேன்.

நல்லடக்கம் மூன்று மணிக்கு என்று சொன்னார்கள். மழை, வளைவு, ஒரு இடத்தில் மண் சரிந்து பாதை அடைப்பு. நான் போய்ச் சேரும்போது ஆண்கள் எல்லாரும் மயானத்துக்குப் போய்விட்டார்கள். லயத்து வாசலில் பொம்பிளைகள் மட்டும் நின்றார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டாள். தெரிந்த ஆள் என்று சொல்லத்தான் எனக்குத் தகுதி. அப்போது உள்ளேயிருந்து ஒருத்தி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். "எங்க சித்தி. கொழும்பு சித்தப்பா வீட்டுச் சித்தி" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னாள். அதுதான் செல்வி, உன் அக்கா. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கலியாணப் படத்தைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு என் முகம் தெரிந்திருக்கிறது.

"மூணரை மணி வரைக்கும் தூக்காமப் பாத்துக்கிட்டே இருந்தோம் சித்தி. ரேடியோவக் கேட்டுட்டு எப்படியும் தம்பி வந்துரும்னு" என்றாள். பெரியப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளிக்குடம் நீ தூக்குவாய் என்று பார்த்திருக்கிறார்கள். நீ வராததால் அவளுடைய புருஷன் தூக்கினாராம். காம்பராவுக்குள் அலமாரியில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. என் கண் அதில் நிற்பதைக் கண்டு செல்வி சொன்னாள். "அப்பா தெனமும் கேப்பாங்க சித்தி. ஒங்க பேரும் தம்பி பேரும் வரலைன்னா, 'கொழும்புல எல்லாரும் நல்லா இருக்காங்க புள்ள'ன்னு சொல்லிட்டுத்தான் வேலைக்கு எறங்குவாங்க."

இருபது வருடம், மகன். ஒரே நேரத்தில், ஒரே ரேடியோவை, இங்கே நானும் அங்கே அவரும். அவர் பெயர் வரக்கூடாது என்று நான், நம் பெயர் வரக்கூடாது என்று அவர். நடுவில் ஒரு பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையை உன் அப்பாவுக்குக்கூட அழவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். மேல்வீட்டு ரீச்சரும் இதை வாசிப்பார், வாசிக்கட்டும். உன் கட்டுரை புத்தகமாக வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் அந்த அடிக்குறிப்பைத் திருத்து. அப்பாவுக்கு உறவினர் இருந்தார்கள், அம்மா அவர்களை வெட்டினாள் என்று எழுது. எனக்கு வெட்கம் வரும் என்று பார்க்காதே. தோட்டத்தின் பெயரையும் போடு.

செல்வியின் போன் நம்பரை உனக்கு வேறாக அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கே எடு. என்னைப் போல நாலு நாள் யோசிக்காதே. எடுத்தவுடன் குட் ஆஃப்டர்நூன் சொல்லிவிடாதே, மகன். அக்கா என்று தொடங்கு.

அம்மா